பன்னிரண்டாம் எண் எலி

எலிகளின் தலையை ஸ்கேன் எடுப்பது என் தொழில். மனிதர்களைப் படுக்கவைக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குச் சின்னத் தங்கை மாதிரி ஒன்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அதன் துளைக்குள் ஒரு டம்ளர்தான் நுழையும். எலியை மயக்க வாயு கொடுத்துத் தூங்கவைத்து, முன்பல்லை ஒரு கம்பியில் மாட்டி, கண் காய்ந்துபோகாமல் களிம்பு தடவி, மூச்சை எண்ணும் திண்டை வயிற்றுக்கு அடியில் செருகி, மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பதினாறு வருடம் தள்ளினேன். அத்தனை வருடத்தில் ஒரு எலிகூட என்னிடம் பொய் சொன்னதில்லை. மேல்மாடிக்காரர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மேல்மாடியில் எங்கள் துறைத் தலைவர் இருந்தார். திரைக்கு முன்னால் நின்று பேசும்போது புரொஜக்டர் வெளிச்சம் அவருடைய வழுக்கையைச் சுற்றித் தகதகக்கும். அதனால் அவருக்கு ‘ஒளிவட்டம்’ என்று பெயர். அவர் காதுக்கு அது எட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் தும்மினாலும் குறிப்பெடுத்துக்கொள்ளும் மூத்த ஆய்வாளர் ஒருவர் உண்டு. அவர் ‘ஆமாஞ்சாமி’.

இவர்கள் இருவரும் மூளைக் கட்டிக்கு மரபணு சிகிச்சை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். யோசனை உண்மையிலேயே நல்ல யோசனை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வைரஸின் கெடுதலைப் பிடுங்கிவிட்டு, அதற்குள் ஒரு மரபணுவை ஏற்றி, கட்டிக்குள் ஊசியால் செலுத்துவார்கள். மரபணு கட்டியின் செல்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு சாதாரண மருந்தைக் கொடுத்தால், அந்த மரபணு இருக்கும் இடத்தில் மட்டும் மருந்து விஷமாக மாறிக் கட்டியைக் கொல்லும். மற்ற இடத்துக்கு ஒன்றும் ஆகாது. எலியின் மூளையில் மனிதக் கட்டியின் செல்களை வளர்த்து இதைச் சோதித்தார்கள். ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன், பின்னால் ஒரு ஸ்கேன். எடுத்தது எல்லாம் நான்.

பன்னிரண்டு எலிகள். மூன்றில் கட்டி சுருங்கியது. இரண்டில் வளர்ச்சி மந்தப்பட்டது. ஆறில் ஊசி போட்டதே தெரியாத மாதிரி கட்டி கொழுத்தது. மிச்சம் ஒன்று, பன்னிரண்டாம் எண் எலி. அதற்குக் கட்டியே பிடிக்கவில்லை. விதை தூவினால் ஒன்றிரண்டு முளைக்காமல் போவதில்லையா, அது போல. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கட்டுரை வெளிவந்தபோது அதன் முகப்பில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. இடது பக்கத்தில் ‘சிகிச்சைக்கு முன்’: மூளையின் வலப்புறம் மிளகு அளவுக்கு வெள்ளை உருண்டை. வலது பக்கத்தில் ‘சிகிச்சைக்குப் பின்’: துடைத்துவைத்த மாதிரி சுத்தம். அதே படங்களைக் கதவளவு பெரிதாக்கி வரவேற்பறைச் சுவரிலும் மாட்டினார்கள். நான் முதல் நாள் காலை அதைக் கடந்துபோகும்போதே கால் நின்றுவிட்டது. மூளைக்குள் இடம், வலம் என்று நீர் நிறைந்த பெரிய அறைகள் இரண்டு உண்டு, படத்தில் கறுப்பாகத் தெரியும். பன்னிரண்டாம் எலிக்குப் பிறவியிலேயே இடது அறை கொஞ்சம் பெரிசு. தெருவில் போகிறவரை நடையை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வதைப் போல, எனக்கு அது தெரியும். ‘பின்’ படத்தில் இருந்தது பன்னிரண்டு. ‘முன்’ படத்தில் இருந்தது ஏழு.

ஆமாஞ்சாமியை டீ எந்திரத்தின் அருகே மடக்கினேன்.

“ஏழாம் எலியோட பின் படத்தை ஏன் போடலை?”

“அது தெளிவா வரலைங்க. மூச்சுல அசைஞ்சிடுச்சு.”

“நான்தானே எடுத்தேன். அசையவே இல்லை. கட்டி ரெண்டு மடங்கா இருந்துச்சு.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “நீங்க படம் எடுக்கிறதோட நிறுத்திக்குங்க மேடம். அர்த்தம் சொல்றதுக்கு நாங்க இருக்கோம்.”

நான் நிறுத்திக்கொண்டேன். ஒன்பது மாதம் நிறுத்திக்கொண்டிருந்தேன். காலையில் அந்தச் சுவரைத் தாண்டும்போது கைபேசியைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். ஒளிவட்டத்தை நான் கேவலமாக நினைத்தேன் என்றால், அந்த ஒன்பது மாதமும் என்னையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். நகராட்சியில் கட்டடப் பரிசோதகராக முப்பது வருடம் இருந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். என் புது வீட்டின் குளியலறையைத் தட்டிவிட்டு, “இதைக் கட்டினவன் இன்னும் வெளியிலதான் நடமாடுறானா?” என்று கேட்டார். என் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால் என்னை முந்திக்கொண்டு பதில் சொல்வார்: “எலிக்கெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுக்கிறா. வெளிநாடு அனுப்பறாங்க போல.” எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

அவர் ஓய்வுபெற்ற இரண்டாவது வருடம் காரைப் பின்னால் எடுக்கும்போது இடது பக்கத்துத் தூணில் இடித்தார். அடுத்த வாரம் அதே பக்கம் கேட்டில் இடித்தார். தூண் தப்பான இடத்தில் கட்டப்பட்டிருப்பதாகச் சாதித்தார். பிறகு தட்டில் இடது பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். அக்கா தட்டைத் திருப்பிவைத்தால், “இது எப்போ பரிமாறினே?” என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் சாப்பிடுவார். அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வலது பின்மூளையில் கட்டி, மோசமான ரகம். இடது பக்கப் பார்வையை அது தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் அக்கா பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். ‘மூளைக் கட்டி மாயமானது! நம் விஞ்ஞானியின் சாதனை.’ கீழே அந்த இரண்டு படங்கள். அதற்கும் கீழே ஒளிவட்டம் கன்னத்தில் கை வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

“இது உங்க ஆபீஸ்தானே? மனுஷங்களுக்கும் ஆரம்பிக்கப் போறாங்களாம். ஏழு பேரை எடுக்கிறாங்களாம். இவரை முதல் ஆளா சேர்த்துவிடு.”

“அக்கா, அது எலிக்கு…”

“எலிக்கே சரியாகுதுன்னா மனுஷனுக்கு ஆகாதா? உனக்கு அவர் மேல கோபம்னு தெரியும்டி. அதை இப்போ காட்டாதே.”

கோபம் இருந்தது உண்மை. அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. படம் பொய் என்று சொன்னால், அத்தானைப் பழிவாங்குகிறேன் என்று நினைப்பாள். சொல்லாவிட்டால் பொய்யைக் காட்டி என் வீட்டு மனுஷரையே அனுப்பிவைத்தவள் ஆவேன். இப்படியும் அப்படியும் மென்று விழுங்கி, கடைசியில் ஆமாஞ்சாமியிடம் போய் நேர்காணலுக்கு நாள் வாங்கிக் கொடுத்தேன். இதைவிடக் கோழைத்தனமான காரியத்தை நான் செய்ததில்லை.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் அத்தான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். பத்திரிகைத் துண்டிலிருந்து இரண்டு படங்களையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்திருந்தார்.

“பக்கத்துல பக்கத்துல இருந்தா எனக்கு இந்தப் பக்கம் இருக்கிறது தெரிய மாட்டேங்குது. அதனால வெட்டிட்டேன். இங்க வா. இது ரெண்டும் ஒரே எலியா?”

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“எனக்கு மூளையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கட்டடம் தெரியும். விரிசல் விட்ட சுவரைச் சரிபண்ணச் சொன்னா, பக்கத்துத் தளத்துச் சுவரைப் படம் எடுத்துட்டு வந்து ‘சரி பண்ணியாச்சு சார்’னு நிப்பானுங்க. நான் சுவரைப் பார்க்க மாட்டேன். ஜன்னல் எங்க இருக்குன்னு பார்ப்பேன்.” அவர் விரல் மேல் படத்தின் கறுப்பு அறையைத் தொட்டது, பிறகு கீழ்ப் படத்தின் கறுப்பு அறையை. “இங்க ஜன்னல் சின்னதா இருக்கு. இங்க பெரிசா இருக்கு. ஊசி போட்டா ஜன்னல் பெரிசாகுமா?”

“கட்டி அழுத்தினா பக்கத்து அறை நசுங்கும் அத்தான். கட்டி போனா திரும்ப விரியும். அப்படித்தான் சொல்வாங்க.”

“கட்டி இந்தப் பக்கம். விரிஞ்ச ஜன்னல் அந்தப் பக்கம்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் பாதிதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது போல. “சரி, உனக்குத் தெரிஞ்சிருக்கு. வேலைக்குப் பயந்து இருக்கே. போ. நான் அவன்கிட்டயே கேட்டுக்கிறேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தபால்காரரிடம் பேசுகிற மாதிரி பேசி அனுப்பினார்.

ஒளிவட்டத்தின் அறையில் நோயாளிகளைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சோபா உண்டு. மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று. அதன் பின்பகுதி எப்போதோ கழன்று காணாமல் போயிருந்தது. எட்டாகப் பிரியும் பொம்மையை ஏழு துண்டோடு வைத்துக்கொண்டுதான் அவர் உலகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம ஸ்கேன் மேடத்தோட குடும்பமா! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அம்மா, நீங்க கவலையே படாதீங்க. உங்க வீட்டுக்காரர் சரியான இடத்துக்கு வந்திருக்கார்.”

அக்கா இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஆமாஞ்சாமி இருபத்திரண்டு பக்கச் சம்மதப் பத்திரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அத்தான் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். ஒளிவட்டம் பத்து நிமிடம் அளந்துவிட்டார். மனிதகுலம் என்றார், விடியல் என்றார். ‘நான்’ என்பது எத்தனை முறை வந்தது என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

அவர் மூச்சுவிட நிறுத்தியதும் அத்தான் சட்டைப் பையிலிருந்து இரண்டு சின்னக் காகிதங்களை எடுத்து மேசைமேல் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார்.

“சார், ஒரே ஒரு சந்தேகம். இது ரெண்டும் ஒரே எலிதானே?”

“நிச்சயமா.”

“இந்தக் கறுப்பு இடம் இதுல சின்னது, அதுல பெரிசு. ஏன்?”

ஒளிவட்டம் சிரித்தார். “நல்ல கேள்வி. கட்டி இருந்தப்போ அது அழுத்திக்கிட்டு இருந்தது. கட்டி போனதும் விரிஞ்சிடுச்சு.”

ஆமாஞ்சாமி தலையாட்டினார்.

“கட்டி வலது பக்கம். பெரிசானது இடது பக்கம். வலது பக்கத்து அறை ரெண்டுலயும் ஒரே அளவுதான். ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. முகம் மட்டும் அதற்கு அடியிலிருந்து நழுவிவிட்டது. “சார், இதெல்லாம் ரொம்ப நுட்பமான விஷயம். பத்திரிகைல அச்சடிக்கிறப்போ அளவெல்லாம் மாறிடும். உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம், படம் எடுத்தவங்களே உங்க வீட்டு ஆளு. சொல்லுங்க மேடம்.”

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தான் திரும்பவில்லை. நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவர் பார்வையில் அந்தப் பக்கமே கிடையாது.

“ஒரே எலி இல்லை,” என்றேன். “முன் படம் ஏழாம் எலி. பின் படம் பன்னிரண்டு. பன்னிரண்டுக்குக் கட்டியே வரலை. ஏழுக்குக் கட்டி ரெண்டு மடங்காச்சு. மூணு எலிக்குத்தான் சுருங்கிச்சு, அதுவும் பாதியளவுதான்.”

ஆமாஞ்சாமிக்குத் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது நேராக நின்றது.

ஒளிவட்டம் தொண்டையைச் செருமினார். “படம்ங்கிறது ஒரு உதாரணத்துக்குத்தான்.”

“உதாரணம்னா கீழே எழுதியிருக்கணும் சார்,” என்றார் அத்தான். பேனாவை மூடிப் பையில் செருகினார். “மூணு எலிக்குச் சுருங்கிச்சுன்னு நேரா சொல்லியிருந்தீங்கன்னா, நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

தாழ்வாரத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “படம் எடுத்தது நீதான்னா ஆரம்பத்துலேர்ந்தே உனக்குத் தெரியும். அப்போல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்தே. இவர் கையில பேனாவை எடுத்த நேரத்துலதான் உனக்கு நியாயம் பொத்துக்கிட்டு வந்துச்சா?”

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

நான் அசல் ஸ்கேன்களை எண்களோடு எடுத்து, நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பெரியவர்கள் விசாரித்தார்கள். அவர்கள் மிக விரிவாகக் கேட்ட கேள்வி, நான் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தேன் என்பதுதான். அறிக்கையில் ‘படங்களை அடுக்கும்போது நேர்ந்த கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். கவனக்குறைவு என்பது என்ன அழகான சொல். ஆயிரம் படங்களுக்கு நடுவில் அது கண்ணை மூடிக்கொண்டு போய், சரியாக அந்த ஒரு சுத்தமான மூளையை எடுத்துவந்துவிட்டது! பத்திரிகையில் நான்கு வரித் திருத்தம் வந்தது, படிப்பதற்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில். ஆமாஞ்சாமிக்கு வேறு நிறுவனத்தில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. ஒளிவட்டம் பதவியிலிருந்து இறங்கி ‘ஆலோசகர்’ ஆனார். அதாவது அதே அறை, அதே சோபா, வேலை மட்டும் கிடையாது. என்னை எலிகளிடமிருந்து பிரித்து, பக்கத்து மருத்துவமனையில் முட்டிவலிக்காரர்களை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

அத்தானுக்கு வழக்கமான வைத்தியம்தான் நடந்தது. கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். ஆறு வாரம் கதிர்வீச்சு. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் தினமும் நான் அழைத்துப் போனேன். அவள் அவரைக் காரில் ஏற்றிவிட்டு, என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். அவர் வழி முழுக்கக் கட்டடங்களைத் திட்டிக்கொண்டு வருவார், வலது பக்கத்துக் கட்டடங்களை மட்டும். திரும்பி வரும்போது தெருவின் மற்ற பக்கத்துக்கு முறை.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பிறகு படத்தை என்னிடம் காட்டுவார். “மழுப்பாம சொல்லு.” நான் சொல்வேன். ஒன்பதாவது மாதம், “வளர்ந்திருக்கு அத்தான்,” என்றேன். அவர் படத்தைத் திரும்ப உறைக்குள் போட்டார். பிறகு, “பசிக்குது, எங்கயாவது நிறுத்து,” என்றார்.

அந்தச் சமயத்தில் மனிதச் சோதனையை வேறொரு மருத்துவர் பொறுப்பேற்று, முதலிலிருந்து ஆரம்பித்தார். குள்ளமான, சிடுசிடுத்த பெண். பேச்சில் ஒரு விடியலும் கிடையாது. புதிய சம்மதப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: பதினோரு எலிகளில் மூன்று. அத்தான் அதை இரண்டு நாள் படித்து, ஓரத்தில் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஏழு பேரில் நான்காவதாகக் கையெழுத்துப் போட்டார். அந்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, “படத்தை அளக்க நீங்க வாங்க. யாருக்கும் பிடிக்காத மாதிரி அளக்குறீங்களாமே,” என்றார். அத்தான் படத்தை மட்டும் வேறொருவர் அளக்கட்டும் என்றேன். சரி என்றார்.

அத்தானுக்கு அந்தச் சிகிச்சை வேலை செய்யவில்லை. ஊசி போட்ட பதினைந்தாவது வாரம் போய்விட்டார். கடைசி நாட்களில் பேச்சு குழறியது. ஆனாலும் மருத்துவமனைச் சுவரை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

அடுத்த வருடம் நோயாளிகளின் குடும்பங்களுக்கு முடிவைச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். அக்கா வந்திருந்தாள். இடம் எல்லாம் நிரம்பியிருந்ததால் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சிடுசிடு மருத்துவர் கட்டியின் அளவைக் காட்டும் ஏழு கோடுகளை, ஆளுக்கு ஒன்றாக, திரையில் போட்டார். ஆறு கோடுகள் மேலே ஏறின. ஒன்று மட்டும் எட்டு மாதம் தட்டையாக ஓடி, பிறகு ஏறியது. “இவ்வளவுதான். இந்த ஒருத்தருக்கு ஏன் நின்னுச்சுன்னு தேடிக்கிட்டு இருக்கோம்,” என்று உட்கார்ந்துவிட்டார்.

உடனே முன்வரிசையில் ஒரு வழுக்கை எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை, ஆலோசகர் தானாகவே மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். இந்த வெற்றியை அன்றே முன்கூட்டிச் சொன்னதாகச் சொன்னார். ஒரு தனிமனிதன் எத்தனை எதிர்ப்புகளைத் தாங்க வேண்டியிருந்தது என்றார். செத்துப்போன ஏழு பேரின் குடும்பங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க, தான் பட்ட கஷ்டத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் இருந்த பையைத் தோளில் மாட்டினாள்.

“அந்த நாலாவது கோடுதானே இவரு?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

அவள் எழுந்தாள். “வா, வெளியே போய் ஒரு காபி குடிக்கலாம். இந்தாளு இப்போதைக்கு முடிக்க மாட்டான்.”

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி நாங்கள் வெளியே வந்தோம். பின்னாலேயே இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன.